குளோரின் நீரும் வைட்டமின் சியும்: தோலுக்கு எங்கே உதவும், எங்கே வீண்?

பினாங்கு, பாயான் பாருவிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். அவருடைய ஒன்பது வயது மகள் வாரத்தில் மூன்று நாள் நீச்சல் பயிற்சிக்குப் போகிறாள். சிறு வயது முதலே முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய் உண்டு. பயிற்சி முடிந்து வீடு திரும்பினால் தோல் வெளுத்துச் சொரசொரப்பாகிவிடுகிறது, இரவெல்லாம் சொறிகிறாள். வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து உடம்பில் தெளிக்கலாம் என்கிறார் உடன் பயிலும் பிள்ளையின் தந்தை. வைட்டமின் சி அடைத்த ஷவர் ஃபில்டரைப் பொருத்தினால் எல்லாம் சரியாகும் என்கிறார் விற்பனையாளர் ஒருவர். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாலே போதும் என்கிறார் மாமியார். இவர்களில் யார் சொல்வது சரி என்பதே கேள்வி.

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் சி குளோரினைச் செயலிழக்கச் செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை எங்கே, எப்போது பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே பயன் அமையும். நீந்தி முடித்துக் கரையேறியதும் உடம்பில் தெளிப்பது பயனுள்ள, செலவு குறைந்த வழி. வீட்டு ஷவரில் ஃபில்டர் மாட்டுவது பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லாத செலவு. எலுமிச்சை வேண்டவே வேண்டாம்.

குளோரின் நீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் பிரிகிறது. நீரின் அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7.5 ஆக இருக்கும்போது இவ்விரண்டும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி இருக்கும். கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் முதலாவதற்கே மிகுதி. மலேசியாவின் குடிநீர்த் தர அளவுகோல் குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரினை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் மேல் வரம்பும் 5 மில்லிகிராம்தான். பினாங்குத் தீவுக்கு வரும் நீரின் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றில் எடுக்கப்பட்டு, பெருநிலத்தில் சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடலுக்கடியில் பதித்த குழாய்களின் வழியாக வந்து சேர்கிறது. அவ்வளவு தூரம் வரும் நீரில் கிருமி மீண்டும் பெருகாமல் காப்பது அந்த எஞ்சிய குளோரின்தான். நீச்சல் குளங்களில் பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை வைத்திருப்பார்கள். இப்போது கோலாலம்பூர், பினாங்கு கொண்டோக்களில் 'உப்பு நீர்க் குளம்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதிலும் இருப்பது குளோரின்தான். உப்பை மின்னாற்பகுப்புச் செய்து குளோரினை அங்கேயே உண்டாக்குகிறார்கள், அவ்வளவே வேறுபாடு.

குளத்தருகே போனதும் மூக்கில் ஏறும் நெடியைக் குளோரின் மிகுதியின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் குளோரமின்களின் நெடி. நீந்துபவர்களின் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமின்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் டிரைகுளோரமின் நீரிலிருந்து காற்றுக்குக் கிளம்பிக் கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிச்சலூட்டுகிறது. நெடி பலமாக இருக்கும் குளம் பெரும்பாலும் கூட்டம் மிகுந்து, பராமரிப்புக் குறைந்து போன குளமாகவே இருக்கும். குளத்தில் இறங்கும் முன் எல்லாரும் ஒழுங்காக உடம்பைக் கழுவிக்கொண்டாலே இந்தத் தொல்லை பாதி குறையும். ஆனால் நம் ஊர்க் குளங்களில் அந்த அறிவிப்புப் பலகையைப் படிப்பவர்கள் குறைவு.

தோலின் வெளியடுக்கில் உயிரற்ற செல்கள் செங்கற்களைப் போலவும் அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்தைப் போலவும் அமைந்திருக்கின்றன. நெடுநேரம் நீரில் ஊறுவதால் இந்த அடுக்கு உப்பித் தளர்ந்து, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்கள் கரைந்து வெளியேறுகின்றன. இதைக் குளோரின் இல்லாத நீரும் செய்யும். அதற்கு மேல், குளோரின் அந்தக் கொழுப்புகளையும் புரதங்களையும் ஆக்சிஜனேற்றம் செய்கிறது. புரதங்களின் அமைன் தொகுதிகளோடு பிணைந்து தோலிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் மாலைவரை கையில் குளத்து வாடை வருவது இதனால்தான். எக்ஸிமா உள்ளவர்களின் தோல் ஏற்கனவே சாந்து பெயர்ந்த நிலையில் இருப்பதால் அவர்களுக்குப் பாதிப்பு அதிகம். நீரில் எஞ்சிய குளோரின், எக்ஸிமா உள்ளவர்களின் தோல் ஈரத்தைத் தக்கவைக்கும் திறனைக் குறைக்கிறது என்று ஜப்பானில் 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதைச் சொல்லும்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொற்று அடிக்கடி வரும் எக்ஸிமாவுக்கு, துணி வெளுக்கும் திரவத்தை மிகவும் நீர்க்கச் செய்து அதில் குளிக்குமாறு தோல் மருத்துவர்களே சில வேளைகளில் பரிந்துரைக்கிறார்கள். அந்த நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவுக்குக் குளோரின் இருக்கும். நீச்சல் குளத்தில் இருப்பதைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். அதில் கிடைக்கும் நன்மை எவ்வளவு என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, மருத்துவர் சொல்லாமல் வீட்டில் யாரும் அதைச் செய்துபார்க்கவும் கூடாது. ஆயினும் பத்து நிமிடம் அத்தகைய நீரில் இருந்து, கழுவி, உடனே களிம்பு பூசிக்கொள்ளும் பிள்ளைக்குப் பெரிய தீங்கு நேர்வதில்லை என்பதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். குளோரினின் அளவை மட்டும் பார்த்துப் பயனில்லை. நீரில் எவ்வளவு நேரம் இருக்கிறோம், வெளியே வந்ததும் என்ன செய்கிறோம் என்பவையும் அதே அளவுக்கு முக்கியம். ஒன்றரை மணி நேரம் நீந்திவிட்டு, நீச்சலுடையோடு காரில் ஏறி, போக்குவரத்து நெரிசலில் இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நிலை வேறு.

இனி வைட்டமின் சி. வேதியியலில் அதன் பெயர் அஸ்கார்பிக் அமிலம். அது தன் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் பொருள். குளோரினோ எலக்ட்ரான்களைப் பறிக்கும் பொருள். இரண்டும் சந்தித்தால் நொடிகளில் வேலை முடிந்துவிடும். அஸ்கார்பிக் அமிலம் டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகிறது. குளோரின், சமையல் உப்பில் இருப்பதைப் போன்ற சாதுவான குளோரைடு ஆகிறது. குளோரமின்களையும் அது முறித்துவிடும். 1 மில்லிகிராம் குளோரினை முறிக்க ஏறத்தாழ 2.5 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் போதும். வைட்டமின் சியின் அமிலத்தன்மை இல்லாத உப்பு வடிவமான சோடியம் அஸ்கார்பேட் என்றால் 2.8 மில்லிகிராம். குளோரின் கலந்த நீரை ஓடைகளில் விடும்போது மீன்கள் செத்துவிடாமல் இருக்க வைட்டமின் சியைச் சேர்க்கலாம் என்று அமெரிக்க வனத்துறை 2005ஆம் ஆண்டிலேயே கையேடு வெளியிட்டிருக்கிறது. நீர் மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துவரும் குப்பிகளிலும், மேற்கொண்டு வினை நடக்காமல் குளோரினை நிறுத்துவதற்காக இதே பொருளைப் போடுவது வழக்கம்.

நீந்தி முடித்து ஏறும் ஒரு பிள்ளையின் உடம்பிலும் கூந்தலிலும் நீச்சலுடையிலும் சேர்ந்து அரை லிட்டர் நீர் ஒட்டியிருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். குளத்தில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் குளோரின் இருந்தால், அவள் மேல் இருப்பது 1.5 மில்லிகிராம். அதை முறிக்க 4 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். கடைகளில் விற்கும் ஒரு சாதாரண மாத்திரையில் 500 அல்லது 1000 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே அதிகம் போட்டால் அதிகப் பயன் என்று எண்ணிக் கரைசலைக் கெட்டியாக்குவதில் பொருளில்லை, எரிச்சல்தான் மிஞ்சும்.

செய்முறை எளிது. மருந்தகத்தில் அல்லது இணையக் கடையில் தூய சோடியம் அஸ்கார்பேட் தூள் வாங்கிக்கொள்ளுங்கள். கால் தேக்கரண்டித் தூளை, அதாவது ஏறத்தாழ ஒரு கிராமை, அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பான் புட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரே போதும். அதிலுள்ள குளோரின் தூளில் மிகச் சிறு பங்கை மட்டுமே செலவழிக்கும். பிள்ளை கரையேறியதும் முதலில் குளத்து ஷவரில் ஒரு நிமிடம் நன்றாக உடம்பை அலசச் செய்யுங்கள். பிறகு தலைமுடி, கழுத்து, கை கால், மடிப்புகள் எல்லாம் நனையும்படி கரைசலைத் தெளித்து, கையால் தடவிவிட்டு, ஓரிரு நிமிடம் கழித்து மீண்டும் அலசிவிடலாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சலுடையையும் மிஞ்சிய கரைசலில் முக்கிப் பிழிந்தால் அதன் வாடையும் போகும், துணியும் நாள்பட உழைக்கும்.

கரைசலை அன்றன்றைக்குக் கலக்குவது நல்லது. தூளாக, ஈரம் படாமல் மூடியிருக்கும் வரை வைட்டமின் சி மாதக் கணக்கில் கெடாது. நீரில் கரைந்ததும் காற்றும் வெளிச்சமும் அதைச் சிதைக்கத் தொடங்குகின்றன, நீரில் செம்பு அல்லது இரும்பு சிறிதளவு இருந்தாலும் சிதைவு விரைவாகும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிய கரைசலைக் கொட்டிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் புட்டியை விட்டுவைத்தால் அது சீக்கிரமே நடந்துவிடும்.

அஸ்கார்பிக் அமிலத் தூளையும் இதே அளவில் பயன்படுத்தலாம், குளோரினை முறிப்பதில் குறைவில்லை. ஆனால் அந்தக் கரைசலின் பி.எச். 3 அளவுக்கு இறங்கிவிடும். சாதாரணத் தோலுக்கு அது பெரிய விஷயமல்ல. சொறிந்து புண்ணான எக்ஸிமாத் தோலில் சுள்ளென்று எரியும், அதன் பிறகு பிள்ளை புட்டியைக் கண்டாலே ஓடும். அதனால்தான் இந்தச் சிறுமிக்குச் சோடியம் அஸ்கார்பேட்டைச் சொல்கிறேன். தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்கும் மாத்திரைகளும், ஆரஞ்சுச் சுவையோடு மெல்லும் மாத்திரைகளும் இதற்கு உதவா. சர்க்கரை அல்லது இனிப்பூட்டி, சிட்ரிக் அமிலம், நிறம், மணம் என்று அவற்றில் இருக்கும் பிற பொருள்கள் தோலில் பிசுபிசுப்பாகப் படியும்.

அழகுக் கடைகளில் விற்கும் வைட்டமின் சி சீரத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தச் சீரங்களில் 10 முதல் 20 விழுக்காடு வரை அஸ்கார்பிக் அமிலம் இருக்கும். தோலுக்குள் ஊடுருவ வேண்டும் என்பதற்காகவே அவற்றை அமிலத்தன்மையோடு தயாரிக்கிறார்கள். நாம் செய்வது தோலின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதை முறித்துக் கழுவிவிடும் வேலை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சீரம் எதுவும் தேவையில்லை.

நீந்தப் போகும் முன்பே தெளித்துக்கொண்டால் கவசம்போல் காக்கும் என்று சிலர் சொல்வதும் பலிக்காது. வைட்டமின் சி நீரில் நன்றாகக் கரையும் பொருள். குளத்தில் இறங்கிய சில நொடிகளில் கரைந்து போய்விடும். குளத்திலேயே தூளைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். கிருமிநாசினியைச் செயலிழக்கச் செய்தால் அது வெறும் குட்டைதான்.

ஃபில்டர் விஷயத்துக்கு வருவோம். பேரங்காடிகளில் மேசை போட்டு விற்பவர்கள் காட்டும் செய்முறையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் குழாய் நீரைப் பிடித்து, ஒன்றில் உங்கள் விரல்களை விட்டு ஒரு நிமிடம் கலக்கச் சொல்வார்கள். பிறகு இரண்டிலும் ஒரு சிறு குப்பியிலிருந்து சொட்டு மருந்து விடுவார்கள். கை படாத நீர் மஞ்சளாகும், கை பட்ட நீர் தெளிவாகவே இருக்கும். "குளோரின் முழுக்க உங்கள் உடம்புக்குள் போய்விட்டது, பார்த்தீர்களா?" என்பார்கள். நீர் நிறம் மாறாததற்குக் காரணம், விரலில் இருக்கும் வியர்வையும் எண்ணெயும் புரதமும் அந்தக் கொஞ்சம் குளோரினோடு வினைபுரிந்து அதைக் குளோரைடாக மாற்றிவிட்டதுதான். விரலுக்குப் பதில் ஒரு ரொட்டித் துண்டையோ கீரை இலையையோ போட்டுக் கலக்கினாலும் மஞ்சள் நிறம் மங்கிவிடும்; ரொட்டியின் 'உடம்புக்குள்' குளோரின் போய்விட்டது என்று யாரும் அஞ்ச மாட்டார்கள். செய்முறை பொய்யில்லை, அதற்குச் சொல்லும் விளக்கம்தான் பொய்.

இந்நாட்டு வீடுகளில் பொதுவாகச் சமையலறைக் குழாய்க்கு மட்டுமே வெளிக்குழாயிலிருந்து நேரடி இணைப்பு இருக்கும். குளியலறைக்குக் கூரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து நீர் இறங்குகிறது. தொட்டியில் தங்கும் நேரத்தில், அதுவும் நம் வெப்பத்தில், குளோரின் குறைந்துவிடுகிறது. சமையலறை நீரில் பளிச்சென்று இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. என்ற குளோரின் சோதனை மாத்திரை, அதே வீட்டின் குளியலறை நீரில் வெளிறிய நிறத்தையே காட்டுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நீச்சல் குளப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் அந்த மாத்திரையை வாங்கி நீங்களே சோதித்துப் பார்த்துவிட்டு ஃபில்டரைப் பற்றி முடிவெடுக்கலாம். குளியலறை நீரில் நிறமே வராவிட்டால், நீக்குவதற்கு அங்கே ஏதும் இல்லை.

நிறம் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் குளித்தால் 80 லிட்டர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் ஒரு குளியலுக்கு 200 மில்லிகிராம் வைட்டமின் சி செலவாகும். நான்கு பேர் இரு வேளை குளிக்கும் வீட்டில் நாளுக்கு 1.6 கிராம், மூன்று மாதத்துக்கு 145 கிராமுக்குச் சற்றே குறைவு. மூன்று மாதம் வரும் என்று விற்கும், ஃபில்டருக்குள் வைக்கும் வைட்டமின் சி குழலின் எடையை உறையில் படித்துப் பாருங்கள். கணக்கு உதைத்தால், விற்பனையாளரிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. குழலில் இருக்கும் தூளும் சீராகக் கரைவதில்லை, முதல் வாரங்களில் மிகுதியாகவும் பின்னால் சொற்பமாகவும் கரையும். குளோரின் வினைபுரிந்து முன்பே உண்டான டிரைஹாலோமீத்தேன் போன்ற துணைப்பொருள்களையும் வைட்டமின் சி நீக்காது, விளம்பரம் எப்படிச் சொன்னாலும் சரி. இன்னொன்றும் உண்டு: குளோரின் நீங்கிய வெதுவெதுப்பான ஈரம், ஷவர் தலையின் உட்புறத்தில் கிருமிப் படலம் வளர வசதியான இடம். ஃபில்டர் மாட்டியே தீருவேன் என்பவர்கள் ஷவர் தலையை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும், குழலை நாள் கடத்தாமல் மாற்றவும் வேண்டும்.

பிள்ளையை வாளி நீரில் குளிப்பாட்டும் வீட்டில் இந்தச் செலவு எதுவும் வேண்டாம். 20 லிட்டர் வாளிக்கு 50 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகைக்கும் குறைவான தூள் போதும்.

மாமியாரின் எலுமிச்சைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எலுமிச்சையிலும் வைட்டமின் சி உண்டு, 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். ஆனால் எலுமிச்சை வகைகளின் தோலிலும் சாற்றிலும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள்களும் உள்ளன. அவை பட்ட தோலில் வெயில் விழுந்தால், ஓரிரு நாளில் தீக்காயம் போலச் சிவந்து கொப்புளம் எழும்பும்; பின்னர் அந்த இடத்தில் பழுப்புத் தழும்பு வாரக் கணக்கில், சில வேளைகளில் மாதக் கணக்கில் நிற்கும். புற ஊதாக் கதிர்க் குறியீடு நண்பகலில் 11ஐத் தாண்டும் நம் நாட்டில், திறந்தவெளிக் குளத்துக்குப் போகும் பிள்ளைக்கு இது ஆபத்து. மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

குளோரினை முறித்தாலும், நீரில் ஊறித் தளர்ந்த தோலை அது சரிசெய்துவிடாது. வைட்டமின் சி தெளிப்பு எக்ஸிமாவுக்கான சிகிச்சை அல்ல. மற்றப் பராமரிப்போடு சேரும் ஒரு துணை மட்டுமே. குளத்தில் இறங்கும் முன் சாதா நீரில் உடம்பையும் தலையையும் நனைத்து, எக்ஸிமா உள்ள மடிப்புகளில் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி பூசிவிடுங்கள். தேங்காய் எண்ணெயும் ஆகும், ஆனால் நீரில் சீக்கிரம் கழுவப்பட்டுவிடும். நீந்திய பின் சுடுநீர்க் குளியல் கூடாது. மழையில் நனைந்து வந்த பிள்ளைக்குச் சுடுநீர் ஊற்றும் நம் வழக்கம் இங்கே கெடுதல் செய்யும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் போதும். நுரை ததும்பும் சோப்பைத் தவிர்த்து, மணமற்ற மென்மையான கழுவியை அக்குளுக்கும் மடிப்புகளுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காயும் முன்பே, மூன்று நிமிடத்துக்குள், செராமைட் என்ற தோல் கொழுப்பு உள்ள கெட்டிக் களிம்பை உடம்பு முழுதும் பூசுங்கள். குளத்து உடைமாற்றும் அறையிலேயே இதை முடித்துவிட்டுக் காரில் ஏறுவது நல்லது. தெளிப்பு, களிம்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் களிம்பையே தேர்ந்தெடுங்கள்.

இவற்றை இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் சொறி குறையாவிட்டால், அல்லது புண்ணில் தேன் நிறப் பொருக்குக் கட்டினால், அரசாங்க சுகாதார நிலையத்திலிருந்து பரிந்துரை வாங்கிக்கொண்டு பினாங்கு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூர் மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. குளத்திலோ ஜக்கூஸியிலோ இறங்கிய ஓரிரு நாளில், நீச்சலுடை மூடிய இடங்களில் சிறு சீழ்க்கொப்புளங்கள் வந்தால் அது வேறு கதை. குளோரின் குறைந்துபோன நீரில் வளரும் சூடோமோனாஸ் என்ற கிருமி மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது அது. அங்கே சிக்கல் குளோரின் போதாமைதான். எனவே மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, குளத்தின் சுவரில் குளோரின், பி.எச். அளவுகளை எழுதிவைக்கும் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள்.